குரலைக் காக்கும் கலை

நுழையும்முன்

பாடி முடித்த கணமே பாடல் காற்றில் கரைந்துவிடுகிறது. எழுதிவைத்தால் சொற்கள் எஞ்சும். பாடியவரின் குரலும் இழுப்பும் மூச்சும் எஞ்சுவதில்லை. அவற்றையும் சேர்த்துக் காப்பது ஒலிப்பதிவு. பெருநகரங்களின் ஒலிப்பதிவுக்கூடங்களில் மட்டுமே நடைபெற்றுவந்த இப்பணி, இன்று கணினியும் ஒலிவாங்கியும் உள்ள எவ்வீட்டிலும் இயல்வதாகிவிட்டது. பதிவு, தொகுப்பு, கலவை ஆகிய அதன் மூன்று படிநிலைகளையும் அவற்றில் செவிக்குரிய பங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

இசைத்தட்டிலிருந்து கணினிக்கு

1877ஆம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் உருவாக்கிய போனோகிராஃப், மனிதக் குரலைப் பதிந்து மீண்டும் ஒலித்துக் காட்டியது. சுழலும் உருளைமீது சுற்றப்பட்ட மெல்லிய வெள்ளீயத் தாளில், குரலின் அதிர்வுக்கேற்ப ஊசியொன்று பள்ளமிட்டுச் சென்றது. பின்னர் எமில் பெர்லினர், வட்டத்தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனை உருவாக்கினார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளில் பதிவாயின.

அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். பாடகரும் பக்கவாத்தியக் கலைஞர்களும் ஒரே கூம்புக்குழலின்முன் நெருங்கியிருந்து இசைத்தனர். இடையில் பிழை நேர்ந்தால் முழுவதையும் மீண்டும் பாடுவதன்றி வேறு வழியில்லை. 1925 முதல் ஒலிவாங்கியின் துணைகொண்ட மின்வழிப் பதிவு பரவியது. அதன்பின் வந்த காந்த நாடா, பிளேடால் வெட்டி ஒட்டித் தொகுக்கும் வசதியைத் தந்தது. நாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதியவும் முடிந்தது. 1967இல் வெளியான பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' இசைத்தொகுப்பு, நான்கு தடப் பதிவுப்பொறிகளைக் கொண்டே உருவானது.

இன்று எளிய மடிக்கணினி ஒன்றிலேயே அதனினும் பன்மடங்கு தடங்களைக் கையாளலாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கருவி எளிதாகிவிட்டது, அதனை எதற்காக, எவ்வளவு பயன்படுத்துவது என்னும் தெளிவு பயிற்சியால்தான் வர வேண்டும்.

எண்ணாகும் ஒலி

காற்றின் அழுத்தத்தில் நேரும் ஏற்ற இறக்கமே ஒலியாகும். ஒலிவாங்கியிலுள்ள மெல்லிய தகடு அதற்கேற்ப அதிர்கிறது. அவ்வதிர்வு மின்னலையாக மாறுகிறது. அம்மின்னலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் கணினி எண்ணாகக் குறித்துக்கொள்கிறது.

எத்தனை முறை அளக்க வேண்டும்? மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கவல்லது. ஓர் அலையைச் சரியாக மீட்டெடுக்க, அதன் அதிர்வெண்ணின் இருமடங்கிற்கும் மேலாக அளக்க வேண்டும் என்பது, ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. எனவேதான் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது.

எவ்வளவு நுட்பமாக அளப்பது என்பதைப் 'பிட்' எண்ணிக்கை காட்டுகிறது. 16 பிட் பதிவில் 65,536 அளவுப்படிகள் உள்ளன. 24 பிட் பதிவில் அவை 1 கோடியே 67 இலட்சத்தைக் கடக்கின்றன. படிகள் இவ்வளவு மிகுதியாக இருப்பதால், 24 பிட்டில் பதியும்போது ஒலியளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தாலும் நுட்பம் கெடுவதில்லை.

பதிவு: மீண்டும் வாராத பொழுது

மாணவி ஒருவர், தம் பாட்டி பாடும் தாலாட்டைப் பதிவுசெய்ய முனைகிறார் எனக் கொள்ளலாம். பாட்டி முதுமை எய்திவிட்டார். அத்தாலாட்டை முழுமையாக அறிந்தவர் அவ்வூரில் வேறெவரும் இல்லை. இந்நிலையில் மாணவி முதலில் கவனிக்க வேண்டியது மென்பொருளையன்று, பாடும் அறையை.

வெற்றுச் சுவர்கள் ஒலியை மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பி எதிர்முழக்கத்தை உண்டாக்கும். குரலோடு கலந்து பதிவான எதிர்முழக்கத்தைப் பின்னர் முற்றிலும் பிரித்தெடுப்பது அரிது. மெத்தை, போர்வை, துணி அடுக்கிய அலமாரி போன்றவை ஒலியை உறிஞ்சுவதால், அவை நிறைந்த அறை பதிவுக்கு ஏற்றது. மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் சிறிது நேரம் நிறுத்திவைத்தல் வேண்டும்.

ஒலிவாங்கி, பாடுபவரின் வாயிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருத்தல் நன்று. நேரெதிரே வைத்தால், 'ப' போன்ற ஒலிகளில் வெடித்து வரும் காற்று தகட்டில் மோதி அதிர்வேட்டுபோல் பதிவாகும். தொலைவு கூடினால் குரல் மெலியும். அறையின் ஓசை ஓங்கும்.

மென்பொருளின் ஒலியளவுமானியில் சுழி டெசிபெல் என்பது உச்சவரம்பு. அதனைத் தாண்டும் அலைகளின் முகடுகள் வெட்டப்பட்டுக் குரல் கரகரத்துவிடும். வெட்டுண்ட முகட்டில் என்ன இருந்தது என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே குரல் ஓங்கும் இடங்களிலும் மானி –12 முதல் –6 டெசிபெலுக்குள் நிற்குமாறு அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். பாடல் தொடங்குமுன் பத்து நொடி அமைதியையும் பதிந்துகொள்வது பின்னர்ப் பயன்தரும்.

பாட்டி பழகிய இடத்தில், பழகிய முறையில் பாட வேண்டும் என்பது இவையனைத்தினும் முதன்மையானது. தூளியை ஆட்டிக்கொண்டே பாடிப் பழகியவரை நாற்காலியில் அமர்த்தினால், பாட்டின் நடையே மாறிவிடக்கூடும். வெறுந்தூளியையேனும் ஆட்டியபடி அவர் இருமுறை பாடட்டும், இரண்டும் பதிவாகட்டும்.

தொகுப்பு: நீக்குவதும் நிறுத்துவதும்

பதிவான ஒலி கணினித் திரையில் அலைவடிவமாகத் தோன்றும். இருமுறை பாடியவற்றுள் சிறந்த பகுதிகளைத் தேர்ந்து இணைப்பதே தொகுப்பு. அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் இணைப்பில் 'டக்' என்னும் ஓசை எழாது. முதற்பகுதி மெல்லத் தேய, அடுத்த பகுதி மெல்ல வளருமாறு சில மில்லிநொடிகள் பிணைத்துவிட்டால் ஒட்டுத் தெரியாது. மென்பொருள்கள் பலவற்றில் இவ்வெட்டுகள் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. எங்கிருந்து எதுவரை ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே மாறுகிறது. ஆகையால், தொகுப்பில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம்.

பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதியும் உண்டு. தொடக்கத்தில் பதிந்த பத்து நொடி அமைதியை மாதிரியாகக் கொண்டு, இரைச்சல் எத்தகையது என்பதை மென்பொருள் அறிகிறது. பின் அதனைப் பாடல் முழுவதிலும் தணிக்கிறது. அளவோடு செய்தால் குரல் தெளியும். அளவு மீறினால் நீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் குரல் சிதையும்.

இங்கே மாணவி ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளது. தூளிக்கயிறு உத்தரத்தில் உரசும் ஓசை பதிவு முழுவதும் கேட்கிறது. அது சீரான இரைச்சலன்று, விட்டுவிட்டு எழுவது. ஒவ்வோர் உரசலையும் தனித்தனியே தேடித்தான் குறைக்க முடியும். ஆனால், அதனைக் குறைக்கத்தான் வேண்டுமா? கூர்ந்து கேட்டால், தூளி போய்த் திரும்பும் வரை பாட்டி சொல்லை இழுப்பதும், அது திரும்பியதும் அடுத்த அடியைத் தொடங்குவதும் புலப்படும். அக்கயிற்றோசையே அப்பாட்டின் தாளம். இரைச்சலாகத் தோன்றிய ஒன்று, கேட்டறிந்தபின் இசையின் பகுதியாகிறது. மூச்சொலியும் அத்தகையதே. உரத்துக் கேட்கும் மூச்சைத் தணிக்கலாம். எல்லா மூச்சையும் நீக்கிவிட்டால் பாடுபவர் மனிதராகத் தோன்றமாட்டார்.

தெரியுமா?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்கு இசைக்கருவிகள் ஒலித்த முறையை வரிசைப்படுத்துகிறது. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நிற்க, முழவோடு ஆமந்திரிகை கூடி ஒலித்ததாக இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். பல கருவிகள் சேர்ந்தொலிக்கும்போது எது எதனைப் பின்தொடர வேண்டும் என்னும் ஒழுங்கு, தமிழிசை மரபில் நெடுங்காலமாகப் பேணப்பட்டதை இது காட்டுகிறது.

கலவை: ஒன்றற்கொன்று இடம் தருதல்

தாலாட்டுக்குத் துணையாக மாணவியின் தோழி புல்லாங்குழல் வாசிக்கிறார். பாட்டியின் குரலை ஹெட்போனில் கேட்டபடி அவர் வாசிப்பது இரண்டாம் தடத்தில் பதிவாகிறது. தடங்கள் பலவற்றை ஒரே இசையாக்குவது கலவை. எது உரக்க ஒலிக்க வேண்டும், எது எப்பக்கத்திலிருந்து கேட்க வேண்டும், எவ்வதிர்வெண்களைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், எது அருகிலும் எது தொலைவிலும் தோன்ற வேண்டும் ஆகிய நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே அதன் பணி.

குரலும் குழலும் அதிர்வெண்ணில் ஒன்றோடொன்று மேற்படிவதால், ஒன்று மற்றொன்றை மறைக்கக்கூடும். அப்போது குரலைக் கூட்டுவதும், அதற்கு ஈடாகக் குழலைக் கூட்டுவதுமாகத் தொடர்ந்தால் மானி உச்சவரம்பைத் தொடுமேயன்றித் தெளிவு வாராது. 'ஈக்வலைசர்' கொண்டு, குரல் தெளிவுபெறும் பகுதியில் குழலைச் சிறிது தாழ்த்தினால், குரல் தானே முன்வரும். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது 'கம்ப்ரெசர்'. பாட்டி முணுமுணுக்கும் சொற்களைக் கேட்கச்செய்ய அது உதவும். மிகுதியாகப் பயன்படுத்தினால் குரலின் ஏற்ற இறக்கம் மறைந்து உணர்ச்சி தட்டையாகும்.

செவியும் ஏமாறக்கூடியதே. கேட்கும் ஒலியளவு மாறும்போது, தாழ்ந்த சுரங்களையும் உயர்ந்த சுரங்களையும் செவி உணரும் விகிதமும் மாறுகிறது என்பதை 1933இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும் மயக்கமும் உண்டு. ஆகவே குறைந்த ஒலியளவிலும் கேட்டுப் பார்த்தல், இடையிடையே செவிக்கு ஓய்வு தருதல், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியிலும் ஒலித்துப் பார்த்தல் ஆகியன கலவைக் கலைஞரின் நல்ல பழக்கங்கள்.

அளவுகோலும் கமகமும்

1997இல் அறிமுகமான 'ஆட்டோட்யூன்', பாடுபவரின் சுருதியைத் திருத்தும் மென்பொருளாகும். நில அதிர்வலைகளை ஆராய்ந்து எண்ணெய் வளம் தேடும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டிபிராண்ட், அத்துறையின் கணித அறிவைப் பயன்படுத்தி இதனை உருவாக்கினார். சுரத்தானத்திலிருந்து விலகிய குரலை அருகிலுள்ள சுரத்திற்கு இது நகர்த்துகிறது.

ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் அளவுகோல் மேலையிசைக்கு ஏற்றது. தென்னக இசையின் உயிரோ சுரங்களுக்கிடையே அசையும் கமகத்தில் உள்ளது. தோடி இராகத்தின் காந்தாரம் ஒரு புள்ளியில் அசையாது நிற்பதன்று. ஊசலாடியே அது தோடியாகிறது. திருத்தும் வேகத்தைக் கூட்டி வைத்தால், மென்பொருள் அவ்வசைவைப் பிழையெனக் கருதிப் படிக்கட்டாக்கிவிடும். தாளத்தைச் சமஇடைவெளிக் கட்டங்களில் பொருத்தும் வசதியும் இவ்வாறே. தூளியோடு நீண்டும் குறுகியும் சென்ற தாலாட்டை அக்கட்டங்களுக்குள் அடைத்தால், சொற்கள் எஞ்சும், தாலாட்டு எஞ்சாது.

இது மென்பொருளின் குற்றமன்று. தனக்குத் தரப்பட்ட அளவுகோலைக்கொண்டு அது அளக்கிறது. அவ்வளவுகோல் அவ்விசைக்குப் பொருந்துமா என்பதை அவ்விசையைக் கேட்டுப் பழகியவரே கூற முடியும்.

காத்தலும் பகிர்தலும்

தொகுத்துக் கலந்த வடிவம் கேட்போர்க்கு உரியது. மூலப்பதிவு வருங்காலத்துக்கு உரியது. மூலப்பதிவைச் சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாகவே வைத்திருத்தல் வேண்டும். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இருதடப் பதிவு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம்கொள்ளும். 'எம்பி3' வடிவம் இதனைப் பெரிதும் சுருக்கும். ஆனால் சுருக்கும்போது விடுபட்டவற்றை மீட்க இயலாது. படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல் நன்று. பாடியவர் பெயர், ஊர், நாள், பாடப்படும் சூழல் ஆகியவற்றைக் கோப்புடன் எழுதிவைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற குரல் சில ஆண்டுகளில் யாருடையது என்றே தெரியாமற்போகும்.

குரல் பாடியவரின் உடைமை. அதனைப் பதிவதற்கும் பிறருக்குப் பகிர்வதற்கும் அவரது இசைவைப் பெறுதல் அறமாகும். கலந்து முடித்த பாடலை முதலில் பாட்டியே கேட்க வேண்டும். தம் தாலாட்டு தம் தாலாட்டாகவே இருக்கிறதா என்று சொல்லத்தக்கவர் அவரே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் பாடப்படும் தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மிப்பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைப் பாடுபவரின் இசைவுடன் பதிவுசெய்து, பாடிய சூழலைக் குறித்து வகுப்பறையில் பகிர்க.

2. ஒரே பாடலை வெற்று அறையிலும் துணிகள் நிறைந்த அறையிலும் பதிந்து, கேட்டறிந்த வேறுபாடுகளைப் பட்டியலிடுக.

3. 'இரைச்சல் எது, இசை எது?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

ஒலிப்பதிவில் மானி சுழி டெசிபெலைத் தாண்டினால் நேர்வது யாது?

சிறுவினா

தூளிக்கயிற்றின் ஓசையை நீக்குவதா, நிறுத்துவதா? காரணத்துடன் விளக்குக.

நெடுவினா

'மென்பொருள் அளக்கிறது, செவி தேர்கிறது' என்பதைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.