சிறு குழந்தையுடன் நெடுந்தூர விமானப் பிரயாணம்

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த காலத்தில், கைக்குழந்தையுடன் நாட்கணக்கில் கடலில் இருப்பது சாதாரண விஷயம். குழந்தை அழுதால் கப்பல் தளத்தில் தூக்கிக்கொண்டு உலாவலாம். உதவிக்கு ஊர்ப் பெண்கள் நாலு பேர் பக்கத்திலேயே இருப்பார்கள். இன்றோ சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர் தூரத்தை 13, 14 மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். காலம் சுருங்கியது நன்மையே. ஆனால் இடமும் அல்லவா சுருங்கிவிட்டது! ஒன்றரை வயதுப் பிள்ளையை ஒரு முழ அகல இருக்கையில் இரவு முழுதும் அடக்கி வைப்பது எளிதன்று.

ஆகவே பிரயாணம் நிச்சயமானதும் தாய்மாருக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. அந்தக் கவலையில் பாதி குழந்தையைப் பற்றியதல்ல. அடுத்த இருக்கைக்காரர் முகம் சுளிப்பாரே என்பதுதான். இந்தக் கூச்சத்திலிருந்தே ஒரு தீய வழக்கம் பிறக்கிறது. “ஒரு மூடி சளி மருந்து கொடுத்துவிடுங்கள், இறங்கும்வரை விழிக்காது” என்று நல்லெண்ணத்தோடு யோசனை சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த யோசனையைக் கேட்பதற்கு முன் குழந்தை ஏன் அழுகிறது என்பதை அறிந்துகொள்ளல் அவசியம்.

காது ஏன் வலிக்கிறது?

நடுச்செவிக்கும் தொண்டையின் மேற்பாகத்துக்கும் இடையே மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. செவிக்குள் இருக்கும் காற்றையும் வெளிக்காற்றையும் சமன்செய்வது அதன் வேலை. விமானம் உயரே பறக்கையில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். கெந்திங் மலையுச்சியில் நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும்போது செவிக்குள் இருக்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதோ காற்று உள்ளே புகவேண்டும். குழாய் எளிதில் திறப்பதில்லை. குழந்தைகளுக்கு அது மிகக் குறுகலானது. ஆதலால் இறங்கும் வேளையில்தான் வலி அதிகம்.

விழுங்கும்போது அக்குழாய் திறக்கும். எனவே ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, சிறிது சிறிதாகத் தண்ணீரோ கொடுங்கள். விமானம் தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அப்போதே ஆரம்பியுங்கள், கடைசி நிமிடம் வரை காத்திராதீர்கள். குழந்தைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால், புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

மருந்தால் உறங்க வைக்கலாமா?

கூடாது. சளிக்கும் அரிப்புக்கும் தரும் மருந்துகள் சிலவற்றால் தூக்கம் வருவது மெய்தான். ஆனால் அது மருந்தின் பக்கவிளைவேயன்றி வேலையன்று. அளவு மிஞ்சினால் சிறு குழந்தையின் சுவாசமே மந்தமாகக்கூடும். சில குழந்தைகளுக்கோ உறக்கத்துக்குப் பதிலாகப் படபடப்பும் ஆவேசமும் உண்டாகும். கடையில் சீட்டின்றி வாங்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அழும் குழந்தை பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். மருந்தால் மூச்சுத் திணறினால், நடுவானில் உடனே மருத்துவமனைக்கு ஓட முடியுமா?

மடியா, தனி இருக்கையா?

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை மடியில் வைத்துச் செல்ல விமானக் கம்பெனிகள் அனுமதிக்கின்றன. போகும்போது இரண்டு நிரம்பாமல், திரும்பும்போது நிரம்பிவிட்டால் திரும்புவதற்குத் தனி இருக்கை வேண்டும். தேதியைப் பார்த்துச் சீட்டு வாங்குங்கள். வசதியுள்ளோர் இரண்டுக்கு முன்பே தனி இருக்கை எடுத்து, கம்பெனி ஏற்கும் குழந்தை ஆசனத்தில் அமர்த்துவதே உத்தமம்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த விமானமொன்று, மியன்மார் வானில் காற்றின் கடுங்குலுக்கலில் அகப்பட்டது. பட்டி அணியாதிருந்தோர் மேலே தூக்கியெறியப்பட்டனர். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். அத்தகைய வேகத்தில் தாயின் கைப்பிடி எவ்வளவு நேரம் தாங்கும்? மடியில் வைத்திருப்போர், விமானப் பணிப்பெண் தரும் குழந்தைப் பட்டியைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். குழந்தை தூங்கும்போதும் அதைக் கழற்றாதீர்கள்.

உணவும் நீரும்

விமானத்துக்குள் காற்று மிக வறண்டது. அடிக்கடி நீராகாரம் கொடுங்கள். பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாட்டில் விலக்குண்டு. ஆயினும் சோதனையின்போது எடுத்துக் காட்ட வேண்டும். முஸ்லிம் உணவை முன்கூட்டியே பதிவு செய்வது நம் வழக்கம். குழந்தைச் சாப்பாடு என்று வேறாகப் பதிந்தால் அதுவும் ஹலாலானதுதானா என்பதைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். முழுக்கடலையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மாற்றுடையை எளிதில் எட்டும் கைப்பையில் வையுங்கள். விளையாட்டுச் சாமான்களை மொத்தமாகக் காட்டாமல், மணிக்கொன்றாக எடுங்கள்.

போய்ச் சேர்ந்த பின்

கோடையில் லண்டன் நம்மைவிட 7 மணி நேரமும், குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கோடையில் அங்கே பகல் 1 மணி அடிக்கும்போது நம் குழந்தையின் உடம்புக்கு இரவு 8 மணி. நடுநிசியில் அது விழித்து விளையாடினால் அடம் என்று எண்ணி அதட்டாதீர்கள். அதற்கு விடிந்துவிட்டது, அவ்வளவே. பகலில் வெளிச்சத்தில் உலாவ விடுங்கள்; இரவில் விளக்கைத் தணியுங்கள். சில நாட்களில் தானே சரியாகும்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. குழந்தை தாயின் பொறுப்பென்று கண்ணை மூடிக்கொள்ளாமல், இரவை இரண்டாகப் பங்கிட்டு விழித்திருங்கள். குழந்தையில்லாமல் பிரயாணம் செய்வோரும் கேளுங்கள்: அடுத்த இருக்கையில் பிள்ளை அழுதால் முகம் சுளிக்காமல், “சிரமமில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் அந்தத் தாயின் கை மருந்துப் புட்டியை நாடாமல் நின்றாலும் நிற்கும்.