நந்திதுர்க் சுரங்கமும் குழாய் அமைக்கும் முறையும்

தொழிற்சாலை ஒன்றைப் பார்வையிடச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் எந்திரங்களையே உற்று நோக்குவது வழக்கம். பம்பின் ஆற்றல் என்ன, கொதிகலனின் கொள்ளளவு என்ன, மோட்டாரின் வேகம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். அவற்றுக்கிடையே ஓடும் குழாய்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இதயத்தைப் பற்றிப் படித்துவிட்டு இரத்தக் குழாய்களை மறந்துவிடுவதைப் போன்றது இது. நல்ல எந்திரங்களை வாங்கி வைத்தும், குழாய்களைச் சரியாக அமைக்காத காரணத்தால் ஆண்டு முழுதும் தொல்லைப்படும் ஆலைகள் பல உண்டு.

குழாய் அமைப்பின் அடிப்படை விதிகளை இக்கட்டுரையில் காண்போம். வெறும் விதிகளாக அடுக்கினால் அவை மனத்தில் நில்லா. ஆகவே தமிழருக்கு மிகவும் உரிமையுள்ள ஓர் இடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது கோலார் தங்கவயலில் உள்ள நந்திதுர்க்.

நந்திதுர்க் என்றதும் சிக்கபள்ளாப்பூரை அடுத்த நந்தி மலையை நினைத்தல் வேண்டா. இங்கு நாம் கூறுவது தங்கச் சுரங்கத்தை. மைசூர், சாம்பியன் ரீப், ஊர்காம், நந்திதுர்க் என்னும் நான்கும் தங்கவயலின் பெருஞ் சுரங்கங்கள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் தொழில் நடத்தினர். 1902-இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே நிலத்தின் அடியில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் என்பது யாவரும் அறிந்ததே.

ஆழச் சுரங்கத்துக்குள் மூன்று வகைக் குழாய்கள் இன்றியமையாதவை. பாறையைத் துளைக்கும் கருவிகளுக்கு அழுத்தக் காற்றைக் கொண்டு செல்வது ஒன்று. துளையில் எழும் தூசியை அடக்க நீரைக் கொண்டு செல்வது மற்றொன்று. சுரங்கத்தில் ஊறும் நீரை மேலே ஏற்றுவது மூன்றாவது. நிலத்தின் மேல் உள்ள அரைவை ஆலையிலோ தாதுக் கூழும் சயனைடு நீரும் ஓடும் குழாய்கள் வேறு. இவ்வளவு வகைகளும் ஒரே இடத்தில் அமைந்தமையால், சுரங்கம் நமக்கு நல்லதொரு பாடநூல் ஆகிறது.

ஆழமும் அழுத்தமும்

நீர் நிரம்பிய குழாயில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் வீதம் அழுத்தம் கூடும். வீட்டு மாடித் தொட்டிக்கு இது சிறிய செய்தி. 1,000 மீட்டர் ஆழத்துக்கு ஒரே குழாயாக நீரை இறக்கினால், அடியில் அழுத்தம் 100 கிலோகிராம் ஆகிவிடும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். எஃகின்மேல் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோகிராம் இழுவிசையை அனுமதிப்போம். அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, இழுவிசையின் இரு மடங்கால் வகுத்தால், குழாய்ச் சுவரின் தடிப்பு 5 மில்லிமீட்டர் என வரும். துருவுக்கும் தேய்மானத்துக்கும் இதற்கு மேலும் சேர்க்க வேண்டும். ஆழம் இரட்டித்தால் தடிப்பும் இரட்டிக்கும்.

கணக்கில் இது முடியும். ஆனால் அத்துணை அழுத்தத்தில் ஒரு வால்வின் பொதிப்பு கிழிந்தால், அருகில் நிற்பவன் கதி என்ன? ஆதலால் ஒரே குழாயாக இறக்காமல், இடையிடையே தொட்டிகளை வைத்து, அங்கே நீரை விட்டு, மீண்டும் கீழே இறக்குவதே நன்முறை. தொட்டியில் அழுத்தம் அற்றுப்போவதால் ஒவ்வொரு பகுதியும் தன் உயரத்தின் சுமையை மட்டுமே தாங்கும். மேலே நீர் ஏற்றுவதிலும் இதே முறைதான். படிப்படியாகப் பம்பு நிலையங்களை அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றுவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் குழாயில் அடி விழும். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் எஃகுக் குழாயில் சட்டென நின்றால், எழும் கூடுதல் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராமுக்கும் மேற்படும். மின்சாரம் போய்ப் பம்பு நிற்கும்போதும் இது நேரலாம். மெல்ல மூடும் வால்வும், அதிர்வைத் தாங்கும் உறுதியான தாங்கிகளும் இதற்கு மருந்து.

காற்றுக் குழாயில் நீர்

கம்பிரசரிலிருந்து வெப்பமாக வெளிவரும் காற்று, குழாயில் செல்லச் செல்லக் குளிர்ந்து, தன்னிடமுள்ள ஈரத்தை நீராக விட்டுவிடும். அந்நீர் குழாயின் அடிப்பக்கத்தில் ஓடும். கிளைக் குழாயைப் பெருங்குழாயின் அடியிலிருந்து எடுத்தால், காற்றுக்கு முன் நீரும் துருவும் துளைக் கருவிக்குள் புகும். எனவே கிளையை எப்போதும் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குதல் வேண்டும். பெருங்குழாய் காற்று செல்லும் திசையில் 100-க்கு 1 என்ற அளவில் சரிந்திருப்பது நன்று. தாழ்ந்த இடங்களிலெல்லாம் நீர் வடியும் வால்வு வைக்க வேண்டும்.

விட்டத்தைத் தேர்வதிலும் எச்சரிக்கை தேவை. ஒரே அளவு காற்றை அனுப்பும்போது, உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் இருக்கும். 100 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதிலாக 80 மில்லிமீட்டர் குழாய் போட்டால் இழப்பு மூன்று மடங்காகும். குழாய் வாங்கும்போது மிச்சமான பணம், கம்பிரசரின் மின் கட்டணமாக மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். குழாயின் கடைக்கோடியில் துளைப்பவனுக்கோ கருவி சரியாக இயங்காது. வேலை குறைந்ததென்று பழியும் அவனுக்கே வரும்.

வெப்பமும் விரிவும்

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடுக்கும் மேல். வெப்பம் மாறும்போது எஃகு நீளும், குறுகும். 100 மீட்டர் நீளக் குழாய் 40 பாகை சூடேறினால் 48 மில்லிமீட்டர் நீளும். இருபுறமும் அசையாமல் கட்டிவைத்தால், நீள இடமில்லாத குழாய் தாங்கியைப் பெயர்க்கும். அல்லது பம்பின் வாயை நெரிக்கும். ஆகவே ஓரிடத்தில் உறுதியாகக் கட்டி, மற்ற இடங்களில் நழுவவிட்டு, இடையே வளைவுகளை வைக்க வேண்டும். தங்கவயலில் பாறை வெடிப்புகளால் நிலமே அதிர்வதும் உண்டு. அதிரும் இடத்தில் விறைப்பான குழாயைவிடச் சற்று இசைந்து கொடுக்கும் குழாயே நிலைக்கும்.

பம்பின் அருகில்

பம்பில் ஏற்படும் தொல்லைகளில் பல, உறிஞ்சு குழாயினால் வருபவை. அக்குழாய் குட்டையாகவும் நேராகவும் இருத்தல் வேண்டும். பம்பின் வாய்க்கு முன்னால் விட்டத்தைப்போல் 5 மடங்கேனும் நேரான நீளம் விடுக. முழங்கை வளைவை வாயிலேயே பொருத்தினால் நீர் ஒருபுறமாகச் சாய்ந்து புகும். தொட்டி பம்புக்குக் கீழே இருப்பின், குழாய் பம்பை நோக்கி ஏறியே செல்ல வேண்டும். நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும். விட்டம் குறுகும் இடத்தில், ஒருபுறம் தட்டையான குறுக்கியைத் தட்டைப் பக்கம் மேலிருக்குமாறு பொருத்துவதும் இக்காரணத்தினாலேயே. குழாயின் பாரத்தைப் பம்பின் மேல் ஏற்றாமல், தனித் தாங்கியில் நிறுத்துக.

கூழும் சயனைடும்

அரைத்த பாறைத் தூள் கலந்த கூழ் மெதுவாக ஓடினால் அடியில் படிந்து அடைக்கும். மிக வேகமாக ஓடினால் குழாயை அரிக்கும். வளைவுகளை அகன்ற வளைவுகளாக அமைக்க வேண்டும். ஓட்டமில்லாத முட்டுக் கிளைகளை விடலாகாது. இடையிடையே கழற்றிச் சுத்தம் செய்ய இணைப்புகள் தேவை. தேய்வு அடிப்பக்கத்திலேயே மிகுதியாதலால், குழாயை அவ்வப்போது சுற்றித் திருப்பி வைப்பர். அதற்கு வசதியாக இணைப்புகளை முன்பே திட்டமிட வேண்டும்.

சயனைடு நீர் தங்கத்தைக் கரைக்கும். அதனுடன் சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையில் வைத்திருப்பர். அதில் அமிலம் கலந்தால், உயிரைப் பறிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். ஆதலின் அமிலக் குழாயும் சயனைடுக் குழாயும் ஒரே பள்ளத்தில் செல்லக்கூடாது. இரண்டின் கழிவும் ஒரே சாக்கடையில் விழக்கூடாது. ஆட்கள் நடக்கும் வழிக்கு மேலே இவற்றின் இணைப்புகள் வரலாகாது. பல குழாய்கள் மேலும் கீழுமாகச் செல்லும் இடத்தில் அரிக்கும் திரவத்தைக் கீழ்த்தட்டில் வைப்பதே முறை; கசிந்தாலும் பிற குழாய்களின் மேல் சொட்டாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது குடிநீர். தங்கவயலின் குடிநீர், பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியே வந்தது. இத்தகைய குடிநீர்க் குழாயை ஆலைத் தொட்டியோடு நேராக இணைக்கவே கூடாது. அழுத்தம் குறையும் ஒரு நொடியில் தொட்டியிலுள்ளது பின்னோக்கி ஏறிவிடும். குழாயின் வாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே வெளி விடுதல் வேண்டும். ஒரு சாண் வெளி, ஓர் ஊரைக் காக்கும்.

கைக்கு எட்டும் வால்வு

அவசரத்தில் மூட வேண்டிய வால்வு, மூடுபவன் நிற்கும் தளத்திலிருந்து 1 மீட்டர் முதல் 1.4 மீட்டர் உயரத்துக்குள் இருப்பது நன்று. ஏணி தேடி ஏறி மூடும் வால்வு, இருந்தும் இல்லாததே. கசியக்கூடிய இடத்துக்கு நேர் மேலேயே அதனை மூடும் வால்வை வைப்பதும் பிழை. நடைவழியின் மேல் 2.2 மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். குழாய்களுக்கு நிறம் தீட்டி, என்ன பொருள், எத்திசையில் செல்கிறது என்பதை அங்கு வேலை செய்வோர் படிக்கும் மொழியில் எழுதி வைப்பது அவசியம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் படிப்பவர் நடுவே ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பலகையால் யாருக்குப் பயன்?

தற்காலிகக் குழாயின் விலை

இவ்விதிகளை மீறினால் என்ன நேரும் என்பதை உலகம் இருமுறை கடுமையாகக் கற்றது. இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்னுமிடத்தில் ஒரு ரசாயன ஆலை இருந்தது. வரிசையாக நின்ற ஆறு கலன்களில் ஐந்தாவது விரிசல் கண்டதால், அதை எடுத்துவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகமாக ஒரு குழாயால் இணைத்தனர். அக்குழாய்க்கு முறையான வரைபடம் இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பார்த்ததோடு சரி. இரு முனைகளிலும் நெளியும் துருத்தி இணைப்புகள். அடியில் சாரக் கம்பிகள். 1974 ஜூன் 1-ஆம் நாள் அது பிய்த்துக்கொண்டது. வெடிப்பில் 28 பேர் மாண்டனர்.

போபாலில் 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு நச்சு வாயு கிளம்பியபோது, அதை எரித்துத் தீர்க்கவென்றே ஒரு கோபுரம் நின்றது. ஆனால் அதற்குச் செல்லும் குழாயில் அரித்துப்போன ஒரு பகுதி கழற்றப்பட்டு, மாற்றப்படாமல் கிடந்தது. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின. கோபுரம் இருந்தது, குழாய் இல்லை. காப்புக் கருவியை வாங்கி வைப்பதனால் மட்டும் காப்பு வந்துவிடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தற்காலிகக் குழாய் என்று ஒன்று தனியாக இல்லை எனக் கொள்க. ஒரு வாரத்துக்கு வைப்பதாயினும் அதற்கும் வரைபடம் வேண்டும், கணக்கு வேண்டும், தாங்கி வேண்டும், வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். பழுது பார்க்கையில் வால்வை மூடினால் போதும் என்றிராமல், இணைப்பில் அடைப்புத் தகட்டையும் செருகுதல் வேண்டும். வால்வு கசியும், தகடு கசியாது.

வரைபவர் நினைவிற்கு

முதலில் ஓட்டப் படம். பின் எந்திரங்களின் இடப் படம். அதன் பின்னரே குழாய்ப் படம். இவ்வரிசையை மாற்றலாகாது. முன்னாளில் மரத்தாலும் அட்டையாலும் மாதிரி செய்து பார்த்தனர். இன்று கணினித் திரையில் முப்பரிமாணமாகக் காண்கின்றனர். கருவி எதுவாயினும், வரைந்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வால்வை யார் திறப்பார், அவர் எங்கே நிற்பார்? இந்தப் பம்பைக் கழற்றினால் எந்த வழியாக வெளியே எடுப்பது? இந்த இணைப்பு கசிந்தால் யார் தலையில் விழும்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் படம் தேறியது.

நந்திதுர்க்கின் பம்புகள் இன்று இல்லை. மூடிய சுரங்கங்களில் நீர் ஏறி நிற்கிறது. மேலே சயனைடு மேடுகள் மட்டும் வெண்மையாய்க் கிடக்கின்றன. ஆனால் ஆழத்தில் ஒரு மனிதன் துளைக் கருவியுடன் நிற்க, அவனுக்குக் காற்றும் நீரும் மேலிருந்து ஒரு குழாயின் வழியே சென்ற நிலை, இன்றும் வேறு சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உள்ளது. நாளை நம்முள் சிலர் அக்குழாய்களை வரையப் போகிறோம். நாம் மேசைமேல் இழுக்கும் ஒவ்வொரு கோட்டின் மறுமுனையிலும் அப்படி ஒருவன் நிற்கிறான் என்பதை மறவாமல் வரைவோமாக.