மணிக்கு எத்தனை ஜோடி? மணிக்கு எத்தனை தடவை?

ஷூ கம்பெனி லைனில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு போர்டு இருக்கும். மணிக்கு மணி எத்தனை ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து முடிந்தது என்று அதில் எழுதுவார்கள். கணக்கு குறைந்தால் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். "பாத்ரூம் போயிருந்தேன் சார்" என்று ஒரு தடவை சொல்லலாம். ஒரே ஷிப்டில் ஆறாவது தடவை சொல்ல வாய் வராது. அதனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் ஏறும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சாதாரண நீர்க்கடுப்புக்கே இது தப்பான வைத்தியம். சிறுநீர்ப்பை வலி நோய் இருப்பவருக்கோ இது எரிகிற அடுப்பில் எண்ணெய். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், கெட்டியான சிறுநீர் பையை இன்னும் உறுத்தும். வேலையையும் விடாமல் வலியையும் அடக்க, நமக்குப் பழகிய அந்த மணிக்கணக்கு போர்டையே ஆயுதமாக்கிக்கொள்ளலாம்.

முதலில் நோய் எது என்று தெரியட்டும்

டாக்டர்கள் இதை 'இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ்' என்கிறார்கள். பை நிறைய நிறைய அடிவயிறு வலிக்கும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் விடும், பிறகு மறுபடி தொடங்கும். ராத்திரி தூக்கத்திலும் எழுப்பிவிடும். யூரின் கல்ச்சரில் மட்டும் கிருமி இருக்காது. அங்கேதான் சிக்கல். கிருமி இருப்பதாக நினைத்து மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது ஒரு பக்கம், 'ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்' என்று வீட்டில் சொல்வது இன்னொரு பக்கம். மனசு அல்ல. பையின் சுவரில் தெரியும் ஒருவகைப் புண்ணை அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர் 1915-லேயே விவரித்திருக்கிறார். எல்லா நோயாளிக்கும் அந்தப் புண் இருக்காது, ஆனால் வலி இருக்கும்.

தொந்தரவு ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரியல் மருத்துவரிடம் போங்கள். நம் நாட்டில் இதே அறிகுறிகளோடு சிறுநீர்ப்பையில் காசநோயும் வரலாம், கல்லும் இருக்கலாம். அவை இல்லை என்று உறுதி செய்த பிறகே இந்தப் பெயரைச் சூட்டுவார்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சிலவகைச் சாயப் பொருள்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புள்ளவை என்பதால், தோல் பதனிடும் டேனரியில் சாயப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம்.

எங்கே போவது? ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி மேல்சிகிச்சைக்குச் சீட்டு வாங்கலாம். அரசு மருத்துவமனை என்றால் ஆம்பூரிலும் உண்டு, வேலூர் அடுக்கம்பாறையில் மருத்துவக் கல்லூரியே உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள், வேலூர் கடைத்தெருவில் வங்காள மொழியில் போர்டு தொங்குகிறது. நமக்கு அது பஸ் தூரம்தான்.

நோட்டு போடுங்கள்

லைன் போர்டு மாதிரியே நமக்கும் ஒரு மணிக்கணக்கு வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு சின்ன பாக்கெட் நோட்டு போதும். நேரம், சாப்பிட்டது, குடித்தது, எத்தனை தடவை பாத்ரூம் போனது, பத்துக்கு எத்தனை வலி என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 6.15: டீ, இரண்டு இட்லி, தக்காளி சட்னி. வலி 2.
7.00: பஸ். மேடு பள்ளத்தில் வலி 4.
8.30: போனேன். கொஞ்சம்தான்.
10.30: கேன்டீன் டீ. 11 மணிக்கு வலி 6.
1.00: புளிக்குழம்பு சாதம். 2 மணிக்கு வலி 7, இரண்டு தடவை போனேன்.
ராத்திரி: மூன்று தடவை எழுந்தேன்.

வாயால் அரை மணி நேரம் சொல்லியும் புரியாததை இந்தப் பக்கம் டாக்டருக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடும். உங்களுக்கும் ஒரு வரைபடம் கிடைக்கும்.

சாப்பாடு: ஊர்ப் பட்டியலைத் திருத்துங்கள்

வெளிநாட்டுப் பட்டியல்கள் காபி, டீ, சோடா, ஆரஞ்சு, தக்காளி, மிளகாய், மது, செயற்கை இனிப்பு ஆகியவற்றை முதலில் நிறுத்தச் சொல்கின்றன. நம் அடுப்படியின் ராஜாவான புளியை அந்தப் பட்டியலில் தேட வேண்டாம், நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் புளிப்புதான்.

பெரிய பொறி இன்னொன்று. 'உடம்புச் சூடு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி' என்று சொல்லாத பாட்டி இந்தப் பக்கம் இல்லை. கடுப்புக்குப் பானகம் கொடுப்பவர்களும் உண்டு. சிறுநீர்ப்பை வலி உள்ள பலருக்கு எலுமிச்சைதான் வலியைக் கிளப்பிவிடும். வைட்டமின் சி மாத்திரையும் அப்படியே.

செய்முறை எளிது. சந்தேகப்படும் எல்லாவற்றையும் மூன்று, நான்கு வாரம் நிறுத்துங்கள். சோறு, கேழ்வரகு, பால், முட்டை, சுரைக்காய், வெள்ளரி, தர்பூசணி, பேரிக்காய் போன்றவை பெரும்பாலும் தொந்தரவு செய்யாதவை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், ஒன்றுக்கு மூன்று நாள். நோட்டில் வலி ஏறினால் அது உங்களுக்கு ஆகாது. ஏறாவிட்டால் காரணமில்லாமல் அதை இழக்காதீர்கள். அடுத்தவருக்கு ஆகாதது உங்களுக்கு ஆகலாம்.

ஆம்பூரில் பிரியாணி இல்லாத கல்யாணம் ஏது? சீரகசம்பா சோறும் கறியும் அல்ல, அதிலுள்ள மிளகாய் விழுதும் பக்கத்தில் வைக்கும் புளி சேர்த்த கத்திரிக்காயும்தான் சந்தேகப் பட்டியலில் முதல் இடம். விருந்துக்குக் கொஞ்சம் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு கத்திரிக்காயை விடலாம். கத்திரிக்காயே எதிரி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக்கத்திரியைப் புளி இல்லாமல் பருப்புக் கூட்டாகச் செய்து பாருங்கள்.

தண்ணீரை ஒரே மூச்சில் கால் லிட்டர் குடிக்காமல், மணிக்கு நாலைந்து வாய் என்று பரப்பிக் குடியுங்கள்.

சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது

நோயின் கதையைச் சொல்ல வேண்டாம். நேரமும் கணக்கும் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிற மொழி அதுதான்.

"சார், எனக்கு யூரின் பிராப்ளத்துக்கு ட்ரீட்மென்ட் நடக்குது, டாக்டர் லெட்டர் இருக்கு. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை நாலு நிமிஷம் போய்ட்டு வரணும். செக்கிங்கோ டேபிள் வேலையோ குடுத்தீங்கன்னா லைன் நிக்காது."

"டார்கெட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"லீவு போட்டா மொத்த நாளும் போயிடுது சார். இது ஒரு நாளைக்குச் சுமார் அரை மணி நேரம்தான்."

கணக்கு சரியா என்று பாருங்கள். எட்டுத் தடவை போனாலும் ஒரு நாளைக்கு 32 நிமிடம், மாதம் 26 நாளுக்கு சுமார் 14 மணி நேரம். வலி தாங்காமல் மூன்று நாள் லீவு போட்டால் 24 மணி நேரம். கம்பெனிக்கு எது லாபம்?

ஆண் சூப்பர்வைசரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் வெல்ஃபேர் ஆபீசரிடமோ ஹெச்.ஆர். மேடத்திடமோ எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். கன்வேயரோடு கட்டிப்போட்ட இடத்தைவிட, கொஞ்சம் வேலையைச் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போகக்கூடிய இடம் நல்லது.

சட்டமும் லீவும்

தொழிலாளி ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் போய்வரக்கூடிய கழிவறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவிலேயே இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பும் கழிவறையை முதலாளியின் கடமை என்றே வைத்திருக்கிறது. 'ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான்' என்று யாராவது டோக்கன் கொடுத்தால், அதைச் சலுகையாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். ஒரு நுணுக்கம்: புதிதாக விடுப்பு எடுக்கும்போது முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. ஆகவே துண்டு துண்டாக ஒரு நாள் லீவுக்கு ஈ.எஸ்.ஐ. உதவாது. அதைச் சொந்த லீவில் கழியுங்கள். பரிசோதனைக்கோ மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்கோ போகும்போது ஈ.எஸ்.ஐ. சான்று வாங்குங்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஜோடிக் கூலிக்கு அப்பர் தைப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்காது. அவர்கள் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். தரையில் மணிக்கணக்காகக் குந்தியிருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கட்டும்.

மாத்திரையும் மெஷினும்

டாக்டர் அமிட்ரிப்டிலின் கொடுத்தால் ராத்திரி போடுங்கள். முதல் சில நாள் காலையில் தூக்கம் தெளியாது. அந்த நிலையில் தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷினில் கை வைக்காதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் பென்டோசான் மருந்தை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறது. ஊசி கோக்கும் கண்தான் நம் மூலதனம், கண் பரிசோதனை எப்போது என்று கேட்டுவிடுங்கள். 'கீழ்த்தசையை இறுக்கிப் பிடி' என்று யூடியூபில் சொல்லும் பயிற்சி இந்த நோய்க்கு ஆகாது. நமக்கு வேண்டியது தசையைத் தளர்த்தும் பயிற்சி. வெந்நீர்ப் பை ஒத்தடம் நல்லது.

தனியாகச் சுமக்காதீர்கள்

1984-இல் அமெரிக்காவில் மருத்துவம் படித்த விக்கி ராட்னர் என்பவர், தனக்கே இந்த நோய் வந்து, யாரும் நம்பாததைப் பார்த்து நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி. நமக்குச் சங்கம் வரும் வரை பக்கத்து மெஷின் அக்கா போதும். அவரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவையுங்கள். நீங்கள் எழுந்து போகும்போது அவர் உங்கள் அப்பரை நகர்த்தி வைப்பார், அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நீங்கள் அவருக்குச் செய்வீர்கள்.

நாளை காலை பஸ் ஏறும்போது பையில் இரண்டு பொருள் இருக்கட்டும்: நிரப்பிய தண்ணீர் பாட்டில், பேனா சொருகிய நோட்டு. முதல் வரியை பஸ்ஸிலேயே எழுதிவிடலாம்.