மின்தூக்கிக்கு உரிமம் உண்டு. சக்கர நாற்காலிக்கு வழி உண்டா?

பக்கவாதத்திற்கோ முதுகுத்தண்டுக் காயத்திற்கோ சிகிச்சை பெற்றுச் சக்கர நாற்காலியில் வீடு திரும்புவோரின் குடும்பத்தார் முதலில் மருந்தைப் பற்றிக் கேட்கின்றனர். ஓரிரு மாதங்களில் கேள்வி மாறுகிறது: வங்கி மாடியில் இருக்கிறதே, எப்படி அழைத்துச் செல்வது?

சாய்தளம் அமைக்கலாமே என்பர். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அதன் கணக்கு. பத்தடி உயர மாடிக்கு 120 அடி நீளமாகும். இடையில் நின்று இளைப்பாறும் மேடைகள் வேறு. மத்தூர்க் கடைத்தெருவில் அத்தனை இடம் யாரிடம் உண்டு? ஆகவே மாடிக்கு மின்தூக்கியே வழி. அது இல்லாதபோதும், நாற்காலி நுழையாத அளவுக்குக் குறுகலாக இருக்கும்போதும், அக்கட்டடத்திற்கு அளிக்கப்பட்ட ஒப்புதலை மீண்டும் ஆராயும் அதிகாரம் யாருக்கு உண்டு?

ஒப்புதல்கள் இரண்டு என்பதை முதலில் அறிய வேண்டும். மின்தூக்கியை இயக்க உரிமம் தருவது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்தூக்கிச் சட்டத்தின்படி, மாநில மின் ஆய்வுத் துறை. கம்பிவடம் அறுந்துவிடாதா, கதவுப் பூட்டு சரியா என்பன போன்ற பாதுகாப்பே அவ்வுரிமத்தின் நோக்கம். கட்டட வரைபடத்திற்கு ஒப்புதல் தருவோர் உள்ளாட்சி அமைப்பும் நகர் ஊரமைப்புத் துறையும் ஆவர். ஆதலால், “உரிமம் பெற்ற மின்தூக்கிதானே” என்பது நமது கேள்விக்கு விடையாகாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இங்கே துணை நிற்கிறது. அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்திற்கு அனுமதியோ, கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றோ தரலாகாது என்கிறது அதன் 44-ஆம் பிரிவு. பொதுமக்கள் பயன்படுத்தும் பழைய கட்டடங்களுக்கு 45-ஆம் பிரிவு அளித்த ஐந்தாண்டுக் கெடு, விதிகள் வெளியான 2017 ஜூன் முதல் கணக்கிட்டால், 2022-இலேயே முடிந்துவிட்டது. பொதுக் கட்டடம் என்னும் சொல்லில் தனியார் கட்டடமும் அடங்கும், மருத்துவமனைகளும் விலக்கல்ல.

இச்சட்டம் மீறப்பட்டதாகக் கருதுவோர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். அவர் ஆவணங்களையும் அலுவலர்களையும் வரவழைத்து விசாரிக்கலாம். அவரது பரிந்துரையைப் பெற்ற அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் செயல்பட வேண்டும். ஏற்கவில்லையெனில் காரணத்தை எழுதி, முறையிட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

எனினும் அது பரிந்துரையே. ஆணையருக்கு இடைக்காலத் தடை விதிக்கும் அதிகாரம் இல்லையென, முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வங்கி ஊழியர் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியது. ஒப்புதலையே இரத்து செய்யக் கோருவோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

விதிகளிலும் ஒரு குறை இருந்தது. சட்டம் கட்டாயம் என்றதை விதிகள் வெறும் வழிகாட்டுதலாக்கின. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 15(1)-ஆம் விதியைச் செல்லாதென அறிவித்து, விட்டுக்கொடுக்க இயலாத அடிப்படை அளவைகளைத் தனியே வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. எங்கள் கருத்தில், இத்துறையில் அண்மையில் வந்த மிக முக்கியமான தீர்ப்பு இதுவே.

எல்லை தாண்டிப் பெங்களூருக்குச் செல்வோர் ஒன்றை நினைவிற்கொள்க: கர்நாடகத்தின் மின்தூக்கிச் சட்டம் வேறு, ஆணையரும் வேறு, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மாநிலங்களுக்கும் ஒன்றே.

முறையிடும் முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன், ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். முப்பது நாள்களில் பதில் தர வேண்டும். மின்தூக்கிக் கதவின் அகலத்தை நாடாவால் அளந்து, நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். 900 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதையே கடிதத்தின் முதல் வரியாக எழுதுங்கள். கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு படி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.