கூட்டுத் தொழில் தொடங்கும் கமக்காரர் அறியவேண்டிய சட்டம்

கல்முனைப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் விளைவிப்போர், அறுவடை இயந்திரம் வாங்கவும், நெல் ஆலை நடத்தவும், மரக்கறியை மொத்தமாக விற்கவும் ஒன்றுசேர்தல் நன்று. தனியொருவரால் இயலாதது பலரால் இயலும். ஆயின் தொழில் நட்டமடைந்தால் கடனை இறுக்க வேண்டியவர் யாவர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிதல் வேண்டும். அது அவர்கள் தேர்ந்துகொள்ளும் அமைப்பைப் பொறுத்தது.

பங்குடைமை

மூன்று கமக்காரர் கடன்பட்டு அறுவடை இயந்திரம் ஒன்றை வாங்கி, வாடகைக்கு விட்டு, இலாபத்தைப் பகிர்கின்றனர் எனக் கொள்வோம். இது பங்குடைமையாகும். இதில் தொழிலின் கடன் பங்காளரின் சொந்தக் கடனே. கடன் 30 இலட்சம் ரூபாவாயின், தமது பொறுப்பு 10 இலட்சமே என ஒருவர் எண்ணுதல் தவறு. மற்ற இருவரிடமும் பொருளில்லையெனின், அவரே முழுவதையும் இறுக்க நேரிடும்; அவருடைய வயலும் வளவும் அதற்கு உட்படும்.

மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்படும் பங்குடைமை எழுத்திலிருத்தல் வேண்டுமென 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. வாய்ச்சொல்லை நம்பிப் பணமிட்டவர் தம் உரிமையை நிலைநாட்டுதல் அரிது.

சட்டம் ஆக்கிய ஆள்

சில அமைப்புகளைச் சட்டம் தனி ஆளாகவே கருதுகின்றது. அவை தம் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், கடன்படலாம், வழக்காடலாம். உறுப்பினர் மாறினும் இறப்பினும் அவை நிலைத்திருக்கும். 1949 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை இத்தகையதோர் அமைப்பாக விளங்கியது.

கம்பனியும் இவ்வாறானதே. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் ஒருவர் தனித்தும் கம்பனி அமைக்கலாம். தனியார் கம்பனியின் பங்குதாரர் பொதுவாக 50 பேருக்கு மேற்படலாகாது. வரையறுக்கப்பட்ட கம்பனி நட்டமடையின், பங்குதாரர் தம் பங்குக்குரிய பணத்தையே இழப்பர். இலண்டனில் சலமன் என்னும் சப்பாத்து வணிகர் தம் குடும்பத்தாருடன் அமைத்த கம்பனி முறிந்தபோது, அதன் கடனுக்கு அவர் பொறுப்பாளியல்லர் என 1896 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பங்கு முழுவதும் ஏறத்தாழ ஒருவர் கையிலிருப்பினும் கம்பனி வேறு, அவர் வேறு என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

கூட்டுறவுச் சங்கம்

1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, குறைந்தது 10 பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். பதிவு பெற்றதும் அதுவும் தனி ஆளாகின்றது. கம்பனியில் பங்கின் அளவுக்கேற்ப வாக்கு அமைவது வழக்கம். சங்கத்திலோ செல்வர்க்கும் எளியவர்க்கும் ஒரே வாக்கு. ஆயினும் சங்கத்தின் பொறுப்பு வரையறுக்கப்பட்டதா, வரையறையற்றதா என்பதைப் பதிவின்போதே நோக்குதல் வேண்டும்.

பிணையில் எச்சரிக்கை

சிறிய கம்பனிக்குக் கடன் கொடுப்போர், பங்குதாரரின் சொந்தப் பிணையையும் கேட்பதுண்டு. பிணைப் பத்திரத்தில் ஒப்பமிட்டவர், அல்லது தம் வயலை ஈடுவைத்தவர், அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பனி தரும் பாதுகாப்பைத் தாமே கைவிட்டவராவார்.

ஆகவே கமக்காரர் ஒப்பமிடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்பாராக: கடன் எவர் பெயரில் உள்ளது? நட்டம் வரின் எவர் சொத்து செல்லும்? பங்காளர் விலகினால் அல்லது இறந்தால் அவர் பங்கு எவரைச் சேரும்? இவற்றை எழுத்தில் வைத்து, சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டியபின் தொடங்கும் தொழிலே வயலையும் காக்கும், நட்பையும் காக்கும்.