நாட்டின் குரலாக நிற்பவர்

தூது என்பது தமிழருக்குப் புதியதன்று. திருவள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றதை நாம் அறிவோம். அப்பணி நம் காலத்தில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை, கோலாலம்பூரில் வழக்கறிஞராக விளங்கிய ஆர். ரமணி அவர்களின் வாழ்வைக் கொண்டு அறியலாம்.

இந்திய வம்சாவளியினரான ரமணி, மலாயா வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராகவும் இருந்தவர். 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபையில் மலேசியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகப் பணியாற்றினார். அது நம் நாட்டிற்குச் சோதனைக் காலம். 1963இல் மலேசியா அமைந்ததை இந்தோனேசியா எதிர்த்தது. 1964 செப்டம்பர் 2ஆம் நாள் அந்நாட்டு வான்குடை வீரர்கள் ஜொகூரிலுள்ள லாபிஸ் வட்டாரத்தில் இறங்கினர்.

மலேசியா பாதுகாப்பு மன்றத்திடம் முறையிட்டது. அச்செயலைக் கண்டித்து நார்வே கொணர்ந்த தீர்மானத்தை 9 நாடுகள் ஆதரித்தன. 2 நாடுகள் எதிர்த்தன. சோவியத் யூனியனின் தடுப்பதிகாரத்தால் தீர்மானம் வீழ்ந்தது. எனினும், நியாயம் எப்பக்கம் என்பதை உலகம் கண்டுகொண்டது. சட்டப்படி தோற்ற தீர்மானமும் அரசதந்திரத்தில் வெற்றியாக அமையலாம் என்பது இதனால் விளங்கும்.

1965இல் மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டு மே மாதம் மன்றத்தின் தலைமை ரமணியிடம் வந்தது. டொமினிகன் குடியரசில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் அவர் தலைமையில் ஒருமனதாக நிறைவேறியது.

தூதுவரின் சொல்லுக்குள்ள சுமையையும் அவ்வாண்டே காட்டியது. இந்திய பாகிஸ்தான் போரின்போது, செப்டம்பரில், ரமணி மன்றத்தில் ஆற்றிய உரை இந்தியாவுக்குச் சாதகமானதெனப் பாகிஸ்தான் கருதியது. அக்டோபரில் அது மலேசியாவுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. 1966இல்தான் உறவு மீண்டது. தூதுவர் பேசும்போது தனிமனிதர் பேசுவதாக எவரும் கொள்வதில்லை. ஒரு நாடே பேசுவதாகக் கொள்கின்றனர்.

இந்தோனேசியாவுடனான பகையும் 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் ஜக்கார்த்தாவில் கையெழுத்தான உடன்படிக்கையால் தீர்ந்தது.

இதனால் தோட்டப்புற மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நாம் வெட்டும் பாலும் அறுக்கும் செம்பனைக் குலையும் பண்டமாகிக் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. அவற்றை வாங்கும் நாடுகளுடன் நட்பைப் பேணுவது தூதுவர்களின் கடமை. அயல்நாட்டில் கடப்பிதழை இழந்து தவிக்கும் குடிமகனுக்குத் துணை நிற்பதும் தூதரகமே. பிரிக்பீல்ட்ஸில் 2015இல் திறக்கப்பட்ட தோரண வாயில் இந்தியா அளித்த அன்பளிப்பு. அத்தகைய நட்பிற்கு அது ஒரு சான்று.

ரமணி வழக்குமன்றத்திலிருந்து இப்பணிக்கு அழைக்கப்பட்டவர். இன்று பெரும்பாலோர் பட்டம் பெற்று, பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வில் தேறி, நிர்வாக அரசதந்திரச் சேவையில் சேர்ந்து, படிப்படியாக உயர்கின்றனர். மாமன்னரின் நியமனப் பத்திரத்துடன் அவர்கள் அயல்நாடு செல்கின்றனர். காமன்வெல்த் நாடுகளில் இப்பதவிக்கு உயர் ஆணையர் என்று பெயர்.

தேசிய மொழியில் புலமை, ஆங்கிலத்தில் தேர்ச்சி, உலக நடப்பில் ஆர்வம், நாவடக்கம் ஆகிய நான்கும் இதற்கு இன்றியமையாதவை. இவை நகரத்தாருக்கு மட்டும் உரியவை அல்ல. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இன்றே நாளிதழ் படிக்கும் பழக்கத்தை மேற்கொள்வார்களாக. நாளை நாட்டின் குரலாக நிற்கும் பேறு அவர்களுக்கும் கிட்டும்.