கட்டகமும் உடன்படிக்கையும்

வன்னியம்பட்டிக்கு ஒருபுறம் ஸ்ரீவில்லிபுத்தூரும் மறுபுறம் இராஜபாளையமும் அண்மையில் உள்ளன. இராஜபாளையத்து ஆலைகளில் நூல் நூற்கின்றனர். அவ்வூரை அடுத்த சத்திரப்பட்டியில் புண்ணுக்குக் கட்டும் துணி நெய்கின்றனர். நெசவாளர் 40-ஆம் நம்பர் நூல் வேண்டுமெனக் கேட்பரேயன்றி, அது எவ்வகைப் பொறியில் நூற்கப்பட்டதென வினவுவாரல்லர். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு ராத்தல் நிறை என்பதே அவ்வெண்ணின் பொருள். அவ்வொரு சொல் ஆலைக்கும் தறிக்கும் இடையே உடன்படிக்கையாய் நிற்கின்றது. கணிப்பொறி நிரல்களில் அத்தகைய உடன்படிக்கை அமையுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

நிரல் பெரிதாகுங்கால் அதனைப் பல கட்டகங்களாகப் பகுத்தல் இன்றியமையாதது. சார்புகளை அடிப்படையாகக் கொண்ட மொழிகளுள் எம்.எல். என்பது 1970-களில் எடின்பரோவில் ராபின் மில்னர் முதலியோரால் ஆக்கப்பெற்றது. அதற்கு 1984-இல் டேவிட் மக்குவீன் கட்டக முறையொன்றை வகுத்தார். அதன் உறுப்புக்கள் மூன்று. தரவு வகைகளையும் சார்புகளையும் ஒருங்கே கொண்டது கட்டகம். அது வெளியார்க்கு இன்னின்ன தருமென உரைப்பது உடன்படிக்கை. இதனைச் 'சிக்னேச்சர்' என்பர். ஒரு கட்டகத்தைப் பெற்று மற்றொரு கட்டகத்தை ஆக்கித் தருவது 'ஃபங்க்டர்'; பஞ்சைப் பெற்று நூலாக்கித் தரும் ஆலை அதற்கு உவமையாகும்.

இவற்றாற் பயன் யாதெனின், கூறுவாம். எம்.எல். வழிவந்த ஓகேமல் மொழியில் 'செட்.மேக்' என்னும் ஃபங்க்டர் உண்டு. அது முன்பின் வரிசையைத் துணியும் விதியொன்றைப் பெற்று, அவ்விதிப்படி அடுக்கிய கணங்களை ஆளும் கட்டகத்தைத் தரும். மாணவர் பட்டியொன்றைப் பெயர் வரிசையிலும், மற்றொன்றைப் பதிவெண் வரிசையிலும் அமைத்தோம் என்க. மறதியால் இரண்டனையும் அப்படியே இணைப்பின் வரிசை கலையும். பட்டியில் உள்ள ஒருவனைத் தேடுங்கால் 'இல்லை' என்னும் விடை வரக்கூடும். நிரல் நில்லாது ஓடுதலின் பிழை நேர்ந்ததை எவரும் அறியார். அஃது உதவித்தொகைப் பட்டியாயின் அவனுக்கு நேரும் இழப்புச் சிறிதன்று. ஓகேமலோ, இரு விதிகளாற் பிறந்த கணங்களை இரு வேறு வகைகளெனக் கொண்டு, நிரல் ஓடுதற்கு முன்னரே அவ்விணைப்பை மறுத்துவிடும்.

கணத்தின் உள்ளமைப்பை உடன்படிக்கை மறைத்திருத்தலாலேயே இக்காவல் இயல்வதாயிற்று. மறைத்தல் வஞ்சமன்றோ எனின், அன்று. உள்ளமைப்பைத் திருத்தும் உரிமை ஆக்கியோனுக்கும், அத்திருத்தத்தால் தன் நிரல் கெடாதென்னும் உறுதி பயன்கொள்வோனுக்கும் அதனாற் கிடைக்கின்றன.

இம்மொழியின் வளர்ச்சியில் நம் நாட்டார்க்கும் பங்குண்டு. 2022 டிசம்பரில் வெளிவந்த ஓகேமல் 5.0, ஒரே நிரலின் பல பகுதிகள் ஒருங்கே இயங்கும் ஆற்றலை அம்மொழிக்குத் தந்தது. அப்பணியில் முன்னின்றோருள் சென்னை ஐ.ஐ.டி.யின் கே. சி. சிவராமகிருஷ்ணன் ஒருவர். அதிற் புதிதாய் வந்த 'டொமைன்' என்னும் கட்டகமும், வேலையைத் தொடங்குதற்கும் அதன் விடையைப் பெறுதற்கும் உரிய சார்புகளை வெளியே காட்டி, உள்ளுருவை மறைத்தே வைக்கின்றது.

ஆயினும் மாணவர் ஒன்றை மறத்தலாகாது. வரிசை விதி இன்ன வகையினதா என்பதையே மொழி சோதிக்கும். அவ்விதி தன்னுள் முரண்படாததா என்பதை அது சோதிப்பதில்லை. நூற்கட்டின்மேல் 40 என எழுதியிருத்தல் வேறு. உள்ளே அந்நூலே இருத்தல் வேறு. முன்னதை மொழி காக்கும். பின்னதைக் காத்தல் நிரல் எழுதுவோன் கடன்.